ஏஐ ஏஜென்ட்டிடம் பாஸ்வேர்டு கொடுக்கலாமா? ‘ஓஆத்’ எப்படி வேலை செய்யுது?

டிக்கெட் புக் பண்ண, மெயிலுக்குப் பதில் போட என நம்ம வேலைகளைச் செய்துதர ஏஐ ஏஜென்ட்கள் வந்துவிட்டன. அதற்கு அவை நம் கணக்குக்குள் நுழைய வேண்டும். அப்போ பாஸ்வேர்டைக் கொடுத்துடலாமா? கூடவே கூடாது.

இங்கேதான் வருகிறது ‘ஓஆத்’. 2012-ல் வெளியான ஓஆத் 2.0 முறையில், ஏஜென்ட்டுக்குப் பாஸ்வேர்டு போகாது. ‘டோக்கன்’ மட்டுமே கிடைக்கும். வீட்டுச் சாவிக்குப் பதில் ஒரு அறையின் சாவி மாதிரி. ‘மெயிலைப் படிக்கலாம், அனுப்பக் கூடாது’ என அனுமதியை அளந்து கொடுக்கலாம். காலாவதி நேரமும் உண்டு.

சிக்கல் எங்கே?

இந்த லாகின் கருவிக்கான கையேட்டை இப்போது ஏஜென்ட்டும் படிக்கிறது. புரியாத இடத்தில் மனிதர் கேட்பார். ஏஜென்ட் தானாக ஊகித்துவிடலாம். ‘தேவையான அனுமதியைப் பெறவும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், எல்லா அனுமதியையும் கேட்டுவிடும் ஆபத்து உண்டு. எந்த வேலைக்கு எந்த அனுமதி, டோக்கன் காலாவதியானால் என்ன செய்வது, எங்கே நிறுத்திப் பயனரிடம் கேட்பது என எல்லாவற்றையும் தெளிவாக எழுத வேண்டும்.

நீங்க என்ன செய்யணும்?

‘அலோ’ அழுத்தும் முன் திரையில் இருப்பதை முழுசா படிங்க. வேலை முடிஞ்சதும் செட்டிங்ஸில் போய் அனுமதியை ரத்து பண்ணிடுங்க.