மையவாடி நோட்டும் நகராட்சிப் பதிவேடும்



சென்ற ரமளானுக்கு முன் ஒரு சகோதரி, விதவை உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி மகனுடன் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இறப்புச் சான்று கேட்டேன், இல்லை என்றார். வீட்டிலேயே பிரிந்த உயிர். அஸருக்குப் பின் ஜனாஸா தொழுகை, மஃரிபுக்குள் அடக்கம். கஃபன் துணி கொடுத்தது டிரஸ்ட், கபர் வெட்டிய கூலியும் நம் கணக்கில். மையவாடி நோட்டைப் புரட்டினால் பெயரும் தேதியும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. ஆனால் நகராட்சிப் பதிவேட்டில் அந்த மரணம் இல்லை. அடக்கத்துக்கு ஓடிய நாங்கள் யாரும் பதிவுக்கு ஓடவில்லை. அந்தச் சகோதரியோ இத்தாவில் நான்கு மாதம் பத்து நாள் வீட்டில் இருந்தார். மூத்த மகன் மூன்றாம் பாத்திஹா முடிந்ததும் சவூதிக்குத் திரும்பிவிட்டார். சட்டம் சொல்லும் 21 நாள் போனதே யாருக்கும் தெரியவில்லை.

ஒரே ஊரில் இறப்புக்கு இரண்டு நோட்டுகள். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு, உலகம் முழுதும் இன்றும் பயன்படுத்தும் ஒரு கணக்கை உண்டாக்கியவர் நம் நாட்டவர். டாக்டர் சி. சந்திரசேகரன். பழைய கட்டுரைகளில் சந்திரசேகர் என்று அச்சாகியிருக்கும். புள்ளியியல் படித்தவர். 1936 இல் லண்டனில் பேராசிரியர் ஈகான் பியர்சனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றும் அத்துறையில் பேசப்படுகிறது. அப்படிப்பட்டவர் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொதுச் சுகாதாரக் கழகத்தில் வேலைக்கு அமர்ந்து, கிராமத்தில் எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுவதில் இறங்கினார். இது சின்ன வேலை போலத் தெரியும். எத்தனை சிசுக்கள் இறக்கின்றன என்று தெரியாமல் எங்கே தாதியரை வைப்பது, காலராவுக்கு எங்கே முதலில் ஓடுவது?

கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி மாவட்டத்தில் சிங்கூர் என்ற ஊர். அங்கே அந்தக் கழகத்தின் சுகாதார நிலையம் இருந்தது. 1945, 1946 ஆகிய இரண்டு வருடங்களின் பிறப்பு இறப்புகளுக்கு உள்ளூர்ப் பதிவாளரின் பட்டியல் ஒன்று. 1947 இல் கழகத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிய பட்டியல் இன்னொன்று. இரண்டையும் பெயருக்குப் பெயர் ஒப்பிட்டார்கள். பதிவாளர் விட்டதை விசாரித்தவர்கள் பிடித்திருந்தார்கள். விசாரித்தவர்கள் விட்டதைப் பதிவாளர் எழுதியிருந்தார். இதுவரை யாரும் செய்யக்கூடியதுதான். இருவருமே விட்ட பெயர்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. கண்ணில் படாததை எப்படி எண்ணுவது?

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன், பிள்ளைகளை விட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நகராட்சிப் பதிவில் 80 மரணங்கள். மையவாடி நோட்டில் 75. இரண்டிலும் இருப்பவை 60. நகராட்சியின் 80 பேரில் 60 பேரை மையவாடி நோட்டு பிடித்திருக்கிறது, அதாவது நான்கில் மூன்று பங்கு. அப்படியானால் அந்த நோட்டிலுள்ள 75ம் ஊரின் மொத்த மரணத்தில் நான்கில் மூன்று பங்காகத்தான் இருக்க வேண்டும். மொத்தம் 100. இரண்டு நோட்டையும் சேர்த்தால் நமக்குத் தெரிந்த பெயர்கள் 95. எந்த நோட்டிலும் ஏறாமல் மண்ணுக்குள் போனவர்கள் 5 பேர். குளத்தில் சில மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலை வீசி, அடையாளம் உள்ளவை எத்தனை சிக்கின என்று பார்த்து மொத்த மீனைக் கணிப்பதும் இதே வழிதான். மீன்களுக்கு இந்தக் கணக்கு அதற்கு முன்பே இருந்தது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கக் கூடாது. மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டு பேர் ஒரே உஸ்தாதிடம் கேட்டதை அறிவித்தால், அந்த உஸ்தாதுக்கு மேலே அது ஒரே சாட்சிதான். மோதினார் நகராட்சிச் சீட்டைப் பார்த்து மையவாடி நோட்டை எழுதினால் இரண்டும் அழகாகப் பொருந்தும். யாரும் விடுபடவில்லை என்று கணக்கும் பொய் சொல்லும்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று. ஒரு நோட்டில் விடுபடுகிறவர்கள் மற்றதிலும் விடுபடுகிறவர்களாகவே இருப்பார்கள். பிறந்து இரண்டு நாளில் கண் மூடிய குழந்தை, பிள்ளையில்லாத கிழவி, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர். இவர்களை மற்றவர்களோடு சேர்த்துக் கணக்கிட்டால் விடுபட்டவர்களின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக வரும். சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949 இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி சொன்னார்கள். ஆண், பெண், வயது, பகுதி என்று ஒரே மாதிரியானவர்களைத் தனித்தனிக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனியே கணக்கிட்டுப் பிறகு கூட்ட வேண்டும். (ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாடு கற்றுக்கொடுத்துப் பேர் வாங்கிய டெமிங் இவரேதான்.)

பிறகு சந்திரசேகரன் பம்பாய் செம்பூரில் மக்கள்தொகைப் பயிற்சி ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தார். 1961 இல் ஐ.நா. வெளியிட்ட மைசூர் மக்கள்தொகை ஆய்விலும் அவர் பங்கு பெரிது. அவர் காட்டிய இரட்டைப் பதிவு வழியில்தான் 1960களில் நம் நாட்டில் மாதிரிப் பதிவு முறை தொடங்கியது. தேர்ந்தெடுத்த ஊர்களில் உள்ளூர் ஆள் ஒருவர் பிறப்பு இறப்பை அவ்வப்போது எழுதிவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து, அந்த நோட்டைப் பார்க்காமல், வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். பொருந்தாத பெயர்களுக்காக மறுபடி அந்த வீட்டுக்கே போய்ச் சரிபார்ப்பார்கள். செய்தித்தாளில் ஆயிரம் குழந்தைக்கு இத்தனை சிசு மரணம் என்று படிக்கிறோமே, அது இப்படி வருவதுதான்.

நாட்டின் கணக்கு இப்படி ஒருவாறு சரியாகிவிடும். விடுபட்ட அந்த 5 பேர் யார் யார் என்பதைச் சூத்திரம் சொல்லாது. அவர்கள் வீட்டாருக்குச் சான்றும் கிடைக்காது. காரைக்கால்காரர்களுக்குப் பதிவேட்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டனார் பெயர் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்றும் தேடி அலைகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பின் 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஒரு வருடம் வரை மேலதிகாரியின் அனுமதி. ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. நான் சொன்ன சகோதரி இப்போது அந்தக் கடைசிப் படியில் நிற்கிறார். மையவாடி நோட்டின் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம். மருத்துவமனையில் நடந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர் பொறுப்பு. உயிரோடு பிறந்து சில மணி நேரத்தில் இறந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டும் பதிவாக வேண்டும். பெயர் வைத்து ஜனாஸா தொழவைக்கும் நாம், இந்த இரண்டையும் எழுதாமல் விடுவதற்குக் காரணம் துக்கம்தான் என்று எனக்குத் தெரியும்.

எழுத்தில் ஒரு வார்த்தை. முஹம்மது, முகமது, மொஹமத் என்று ஒரே மனிதர் மூன்று காகிதத்தில் மூன்று பேராக நிற்கிறார். ஒரே தெருவில் நான்கு ஃபாத்திமாக்கள். சிங்கூரிலும் பட்டியல்களைப் பொருத்துவதுதான் வேலையிலேயே சிரமமானது. ஆதாரில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் கொடுங்கள். தந்தை பெயரும் கதவு எண்ணும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி மையவாடி நோட்டில் 'நகராட்சியில் பதிவானதா' என்று ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு அடக்கத்துக்கும் பத்தாம் நாள் டிரஸ்டிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்பார். கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் வீட்டில் மௌத்து நடந்து, பெரியவரோ பச்சைக் குழந்தையோ, சான்று வாங்காமல் இருந்தால் அஸருக்குப் பின் அலுவலகம் வாருங்கள். இத்தாவில் இருப்பவர்கள் வர வேண்டாம், சொல்லி அனுப்பினால் போதும். படிவத்தோடு நாங்களே வருகிறோம்.