சனியின் சந்திரனைக் காப்போம்

13 ஆண்டுக்காலம் சனிக்கிரகத்தை வலம்வந்து, அதன் வளையங்களையும் உபக்கிரகங்களையும் ஓயாது படம்பிடித்தனுப்பிய காசினி விண்கலத்தை, அதை அனுப்பிய விஞ்ஞானிகளே 2017 செப்டம்பர் 15 அன்று அக்கிரகத்தின் வாயுமண்டலத்துக்குள் வேண்டுமென்றே செலுத்தி எரித்துவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்தபின், வழிநடத்துவாரின்றி அலையும் அக்கலம் என்றேனும் சனியின் உபக்கிரகமான என்சலடஸின் மீது விழுந்துவிடலாகாதே என்ற கவலைதான் அம்முடிவுக்கு முக்கிய காரணம்.

சுமார் 500 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள அந்த வெண்பனிச் சந்திரனின் தென்துருவத்துப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டெழுவதை 2005இல் கண்டறிந்த காசினி, பிற்பாடு அத்தாரைகளின் ஊடாகவே பறந்து, உப்பும் கரிமச் சேர்மங்களும் ஹைட்ரஜனும் அவற்றில் கலந்திருப்பதைத் தெரிவித்தது. பனிப்போர்வைக்கு அடியில் ஒரு சமுத்திரம் இருக்கிறது. அதன் அடித்தளத்திலே வெந்நீரும் பாறையும் கூடி ரசாயன மாற்றங்கள் நிகழ்கின்றன என்றே இவற்றிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. சூரிய ஒளியே எட்டாத நமது ஆழ்கடல்களிலும் இத்தகைய ஹைட்ரஜனை ஆதாரமாகக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் 1997இல் புறப்பட்ட காசினியின் கருவிகளோ உயிரை இனங்காணும் நோக்கத்தோடு அமைக்கப்பட்டவையல்ல.

இனி வரும் யாத்திரைகளில் அங்கே இறங்கியே பார்த்துவிட வேண்டுமென்று ஆலோசனைகள் எழுந்திருப்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. எவ்வளவு தூய்மையான கூடத்தில் கட்டினாலும், கலத்தில் ஒட்டிக்கொள்ளும் கிருமிகளின் வித்துகள் சில எஞ்சத்தான் செய்கின்றன. அவை பனியைத் துளைத்து நீரை அடைந்துவிட்டால், பிற்காலத்தில் அங்கே காணப்படும் உயிர் அச்சந்திரனுக்கே உரியதா, நாம் கொண்டுபோய் விதைத்ததா என்று யார் நிச்சயிப்பது? அண்டவெளியின் கதிர்வீச்சும் கடுங்குளிரும் அவற்றை மாய்த்துவிடும் என்போரும் உளர். ஆயினும் எல்லாம் மாயும் என்று உறுதி கூற அவர்களாலும் இயலவில்லையே!

பிற வான்பொருள்களைத் தீங்கான மாசு படாமல் காக்க வேண்டுமென்று 1967இல் செய்துகொள்ளப்பட்ட விண்வெளி உடன்படிக்கை கூறுகிறது. பனிச் சந்திரனொன்றின் சமுத்திரத்தை மாசுபடுத்தும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டுமென்ற வரம்பும் வகுக்கப்பட்டுள்ளது. உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடிய ஒரு ஜீவகுலத்தின் விஷயத்தில் அந்த வரம்பும் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. செவ்வாய்க்கு 1975இல் அனுப்பப்பட்ட வைக்கிங் இறங்குகலங்களை 100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைத்துக் கிருமிநீக்கம் செய்தார்கள். என்சலடஸில் இறங்கும் எதற்கும் அதைக்காட்டிலும் கடுமையான விதி வேண்டும். அதற்கு முன்பாக, அச்சந்திரன் தன் கடல்நீரைத் தானாகவே ஆகாயத்தில் வாரியிறைத்துக்கொண்டிருக்கையில், உயிரை இனங்காணவல்ல கருவிகளோடு அத்தாரைகளினூடே மறுபடியும் பறந்து ஆராய்வதே முறையாகும்.