நித்திரையால் எழும்பும் கணனி எதை மறக்கிறது?

ஹரோவில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் ஒரு மேசைக்கணனி நிற்கிறது. மகன் பழைய பாகங்கள் தேடி வாங்கிப் பூட்டியது. பகலில் அது அவனுக்கு, இரவில் எங்களுக்கு. சொந்தக்காரரின் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று வரும் வீடியோக்களை அதில்தான் வெட்டி ஒட்டுகிறோம். போன மாரியில் ஓர் இரவு, இரண்டு மணித்தியால வேலையைச் சேமிக்காமலே கணனியை நித்திரைக்கு விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் எழுப்பினால் ஐந்து நிமிடத்தில் திரை உறைந்துபோனது. தாலிகட்டுப் பகுதிக்குச் செய்த வேலை முழுக்கப் போய்விட்டது. முதலில் மகனைத்தான் ஏசினோம். அவன் வேகத்தைக் கூட்டி வைத்ததுதான் காரணம் என்று நினைத்தோம். அது பாதிதான் சரி.

ஓவர்குளொக் என்பது, தயாரித்த கம்பனி குறித்த வேகத்துக்கு மேலாகப் புரொசெசரை ஓடவிடுவது. வேகம் கூடினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். இந்த அமைப்புகளை இரண்டு இடங்களில் எழுதலாம். ஒன்று, மதர்போர்ட்டிலுள்ள பயோஸ். மற்றது, விண்டோஸுக்குள் ஓடும் மென்பொருள். பயோஸில் எழுதியது மதர்போர்ட்டிலேயே தங்கும். மென்பொருள் எழுதுவதோ புரொசெசருக்குள்ளேயே இருக்கும் பதிவேடுகளில். மின்சாரம் போனால் அது சிலேட்டை அழித்த மாதிரித்தான்.

நித்திரையில் நடப்பதும் அதுதான். இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகியவை 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறை, நித்திரை நிலைகளுக்கு இலக்கம் கொடுத்தது. மேசைக்கணனிகளில் வழமையானது எஸ்3. அதில் ராம் மெமரி மட்டும் மெல்லிய மின்சாரத்தில் விழித்திருக்கும், புரொசெசர் அணைந்துவிடும். எழுப்பும்போது பயோஸ் தன் குறிப்பைப் பார்த்துப் புரொசெசரைத் தயார்செய்து விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. விண்டோஸுக்கோ தான் புதிதாகத் தொடங்கியதாக நினைப்பில்லை. அதனால் ‘கணனி தொடங்கும்போது அமைப்பைப் போடு’ என்று நாம் சொல்லி வைத்த மென்பொருள் சும்மா இருந்துவிடலாம்.

எங்கள் மகன் வேகத்தைப் பயோஸிலும் மின்னழுத்தத்தை மென்பொருளிலும் வைத்திருந்தான். எழும்பியபோது வேகம் திரும்பி வந்தது, அழுத்தம் வரவில்லை. பசியோடு ஓட விட்டால் விழாமல் என்ன செய்யும்? இரண்டுமே மென்பொருளில் இருந்திருந்தால் கணனி பழைய வேகத்துக்கு இறங்கி, மெதுவாக என்றாலும் ஓடியிருக்கும்.

ஆகவே புரொசெசரின் அமைப்பு முழுவதையும் பயோஸிலேயே வைப்பதுதான் எங்கள் அபிப்பிராயம். கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் பெரும்பாலும் மென்பொருள்தான் வழி. அதற்கு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் உதவும். கணனி எழும்பும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தன் சிஸ்டம் பதிவில் ‘பவர் ட்ரபிள்ஷூட்டர்’ என்ற பெயரில் இலக்கம் 1 கொண்ட நிகழ்வைக் குறிக்கிறது. அதைத் தூண்டுதலாகக் கொடுத்து, எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் சேமித்த முதலாவது புரொபைலை ஓடச் சொல்லலாம். அரை நிமிடத் தாமதம் வைப்பது நல்லது, டிரைவர் எழும்பி நிற்க நேரம் வேண்டும். பிறகு ஒருமுறை நித்திரைக்கு விட்டு எழுப்பி, இலக்கங்களைக் கண்ணால் பாருங்கள்.

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளின் மடிக்கணனிகளில் கதை வேறு. அங்கே சூட்டைக் குறைக்க மின்னழுத்தத்தைக் குறைப்பார்கள். 2019 டிசம்பரில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஐரோப்பிய சகாக்களும், அதே வழியால் இன்டெல் புரொசெசரின் பாதுகாக்கப்பட்ட பகுதியைத் தாக்கலாம் என்று காட்டினார்கள். பிளண்டர்வோல்ட் என்று அதற்குப் பெயர். அதன் பிறகு வந்த பயோஸ் மேம்படுத்தல்கள் பல மடிக்கணனிகளில் அந்த வழியையே பூட்டிவிட்டன. ஆகவே மேம்படுத்தலுக்குப் பிறகு அமைப்பு நிற்கவில்லை என்றால் நித்திரையைக் குறைசொல்ல வேண்டாம்.

இவ்வளவு கரைச்சல் எதற்கு, இரவு முழுக்க ஓடட்டுமே என்று கேட்கலாம். எங்கள் கணனி சும்மா நிற்கும்போதே 80 வாற்று இழுக்கிறது. எட்டு மணித்தியாலத்துக்கு 0.64 அலகு. அலகு 25 பென்ஸ் என்று வைத்தால் வருடத்துக்கு 58 பவுண் வரும். நித்திரையில் இரண்டு மூன்று வாற்றுத்தான், வருடத்துக்கு இரண்டு பவுண் அளவில் முடிந்துவிடும்.

இன்னொரு எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். அம்மம்மா படுக்கப் போகும்போது சுவரிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவார். சுவிட்சை அணைத்தால் ராம் மெமரியில் இருந்ததும் போய்விடும். பழைய மதர்போர்ட் என்றால் பயோஸ் அமைப்பும் போகலாம், ஏனென்றால் பலவற்றில் அதைக் காப்பது நாணயம் அளவான ஒரு பற்றரி. எங்களுடையதில் அது செத்துக் கிடந்ததைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தோம். புதியது ஓரிரு பவுணுக்கு வாங்கிப் போட்டாயிற்று. அம்மம்மாவின் சுவிட்சுக்கு மேல் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கிறோம்.