புழுவைக் கொல்லும் வைரஸ் பெருகும் விதம்

பச்சிலையைத் தின்னும் புழு, அதன்மேல் ஒட்டியுள்ள சூக்ஷ்மமான புரதப் படிகங்களையும் சேர்த்து விழுங்கிவிடுமாயின், குடலின் கடுங்காரத்தில் அவை கரைந்து, உள்ளே உறங்கிக் கிடந்த பாக்குலோ வைரஸ்கள் விடுதலை பெற்றுக் குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் புகுந்துவிடுகின்றன. இவ்வினத்தில் அறிஞர்கள் மிக நுணுகி ஆராய்ந்தது, ஆட்டோகிராஃபா கலிபோர்னிகா என்னும் அந்துப்பூச்சியின் பெயரைத் தாங்கிய வைரஸேயாகும். 1,33,894 இணைகள் கொண்ட அதன் வட்டவடிவ டி.என்.ஏ. முழுவதும் 1994-இல் வாசித்து வெளியிடப்பட்டது.

வைரஸ் என்றாலே பிறர் பொருளில் வாழும் ஏழை என்று எண்ணுவோர் இதைக் கண்டால் சற்றுத் திகைப்பர். உயிரணு தன் டி.என்.ஏ.வைப் பிரதியெடுப்பது, தான் பிளவுபடுவதற்கு முந்திய ஒரு பருவத்தில் மட்டுமேயாதலின், அப்பருவத்துக்குக் காத்திராத இவ்வைரஸ், பிரதி செய்யும் பாலிமரேஸ், இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ், தொடக்கமிடும் பிரைமேஸ் ஆகியவற்றுக்கான ஜீன்களைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. உட்கருவை அடைந்தவுடன், புழுவின் சொந்த நொதியைக் கொண்டே தன் முதல் ஜீன்களை வாசிக்கச் செய்து, அவற்றுள் பிறக்கும் ஐ.இ.-1 என்ற புரதத்தை, வட்டத்தில் ஆங்காங்கே திரும்பத் திரும்ப வரும் சில பகுதிகளின்மீது அமரவைக்கிறது. அங்கிருந்தே பிரதி தொடங்குவதாகக் கருதுகின்றனர். சுழலும் ராட்டையிலிருந்து நூல் நீள்வதுபோல் ஒரே வட்டத்திலிருந்து பல பிரதிகள் தொடர்ந்து நீள்கின்றன என்று சிலரும், துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து இணைகின்றன என்று வேறு சிலரும் சொல்லும் இவ்விவாதம் இன்னும் தீரவில்லை. இரண்டும் உண்மையாயிருக்கலாமென்பது என் அபிப்பிராயம். புதிய இழையைக் கட்டும் மூலப்பொருளையோ உயிரணுவிடமே பெற வேண்டும்.

அதற்குள் உயிரணு மாய்ந்துபோனால் எல்லாம் வீண். கிருமி புகுந்த உயிரணு தன்னையே மாய்த்துக்கொள்வது பூச்சிகளின் பழைய தற்காப்பு. அதை முறியடிக்க வைரஸ் வைத்திருக்கும் ஆயுதம் பி35 என்னும் புரதம். அது நீக்கப்பட்ட வைரஸ் சில பூச்சிகளின் உயிரணுக்களில் சரிவரப் பெருகுவதில்லை. இறுதியில் உட்கரு முழுதும் படிகங்கள் நிறைய, புழு கரைந்து ஒழுகி, அடுத்த புழுவுக்கு இலையில் விருந்து தயாராகிறது.

பச்சைக் காய்ப்புழுவுக்கென நம் உழவர் தெளிக்கும் என்.பி.வி. கரைசலும் இக்குலத்தைச் சேர்ந்ததே. வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதன் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுமாதலால், அதனை மாலைப்பொழுதில் தெளிப்பதே உசிதம்.