ஆறாயிரம் மீட்டருக்கு ஒரு கணக்கு

பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வந்து வேளச்சேரி சாலையில் திரும்பினால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 1993-ல் தொடங்கியது. சாலையில் போகிறவருக்கு அது இன்னுமொரு மத்திய அரசு வளாகம். உள்ளே ஓடும் கெடுக்களை அடுக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

முதலில் பணம். ஆழ்கடல் திட்டத்துக்கு 2021 ஜூனில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 5 ஆண்டுக்கு 4,077 கோடி ரூபாய். முதல் 3 ஆண்டுக்கு 2,823.4 கோடி, மிச்சம் 1,253.6 கோடி. இதில் பல நிறுவனங்களுக்குப் பங்குண்டு. ஆனால் 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் ‘மத்ஸ்யா-6000’ பள்ளிக்கரணையின் பொறுப்பு.

அதன் உயிர்நாடி, ஆட்கள் உட்காரும் டைட்டானியக் கோளம். விட்டம் 2,260 மி.மீ., சுவர் 80 மி.மீ. அந்த ஆழத்தில் அழுத்தம் 600 பார். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 600 கிலோ. இரு பாதிகளையும் இணைக்கும் வெல்டிங் 7,100 மி.மீ. நீளம். எலெக்ட்ரான் கற்றையால் அதை முடிக்க 32 நிமிடம் போதும். அந்த 32 நிமிடத்துக்காக இஸ்ரோ செய்து பார்த்த வெல்டிங் சோதனைகள் 700. அதே இஸ்ரோவின் தலைமேல்தான் ககன்யான் கெடுவும் தொங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே லட்சத்தீவின் குடிநீர். கவரத்தியில் 2005-லும், மினிக்காய், அகத்தியில் 2011-லும் இதே கழகம் அமைத்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நாளுக்குத் தலா 1 லட்சம் லிட்டர். அடுத்த 6 தீவுகளுக்குத் தலா 1.5 லட்சம், செலவு 187.75 கோடி. ஒன்பதும் ஓடினால் நாளுக்கு 12 லட்சம் லிட்டர். இது தள்ளிப்போடக் கூடிய வேலையா? தீவுக்காரருக்குத் தாகம் கெடு பார்த்து வராது.

2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றைக் கழகமும் சேர்ந்து படம்பிடித்த செய்தி. அடுத்த மாதமே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மத்ஸ்யாவை நீரில் இறக்கிச் சோதனை. 2025 ஆகஸ்டில் பிரான்சின் ‘நாட்டில்’ கலத்தில் இந்தியர் இருவர் அட்லாண்டிக்கில் 4,025, 5,002 மீட்டர் இறங்கிப் பழகினார்கள்.

இத்தனைக்கும் கழகத்தின் பெரிய ஆழ்கடல் கப்பல் ‘சாகர் நிதி’ ஒன்றுதான், 2008-லிருந்து ஓடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடல் கொந்தளித்தால் அதற்கும் நாள் குறையும். தாமதம் என்றதும் விஞ்ஞானிகளைக் கடிந்துகொள்வது சுலபம். ஒரு கெடுவை அறிவிக்கும்போது, அதற்கு எத்தனை கப்பல் நாள் ஒதுக்கியிருக்கிறோம் என்பதையும் அமைச்சகம் அதே அறிக்கையில் சொல்லட்டும்.