வட்டுக்கோட்டைச் சாத்திரசாலை

யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறக்குறைய ஏழு மைல் தொலைவிலுள்ள வட்டுக்கோட்டையில், 1823ஆம் ஆண்டிலே ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. அது நிலவிய காலம் முப்பத்திரண்டு ஆண்டுகளே. ஆயினும், அங்கே என்ன கற்பிக்கப்பட்டது, எம்மொழியிற் கற்பிக்கப்பட்டது, எதன்பொருட்டுக் கற்பிக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களும் அக்கல்விக்கூடம் மூடப்பட்ட பின்னரும் ஓய்ந்தபாடில்லை. தமிழ் மாணாக்கருக்கு உயர்தரக் கல்வியை எவ்வாறு புகட்டுவது என்று எண்ணுவோர் இன்றும் அவ்வினாக்களையே எதிர்கொள்கின்றனர். ஆங்கிலத்தில் செமினரி என்றும், தமிழிற் சாத்திரசாலை என்றும் வழங்கிய அக்கூடத்தின் பாடத்திட்டமும் போதனை முறையும் ஆதலால் ஆராயத்தக்கன.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள். கிராமங்கள்தோறும் தமிழ்ப் பள்ளிகளை நிறுவிய அவர்கள், அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த சிறுவரை விடுதிப் பள்ளிகளிற் சேர்த்து வளர்த்தனர். அச்சிறுவர் வளர்ந்து வந்தபோது, மேற்கல்விக்கு ஓரிடம் வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் ஒரு கல்லூரியாக வளரவேண்டும் என்னும் நோக்கத்துடன், 1823இல் அவர்கள் ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். ஆங்கிலத்தை நன்கு கற்பித்தல், தமிழ் இலக்கியத்தைப் பேணி வளர்த்தல், தேர்ந்த சிலருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தல், ஐரோப்பிய விஞ்ஞானங்களை இயன்ற அளவு புகட்டுதல் என்பன அத்திட்டத்தின் முக்கிய அங்கங்கள். இவை யாவற்றிற்கும் அடியில் நின்ற நோக்கம் கிறிஸ்து மதத்தைப் பரப்புதலே. அதனை அவர்கள் ஒருபோதும் மறைத்தாரல்லர்.

அக்காலத்துப் பிரித்தானிய அரசினரோ அமெரிக்கரை ஐயத்துடனேயே நோக்கினர். 1820இல் சேர் எட்வேட் பாண்ஸ் அவர்கள் புதிய அமெரிக்கப் பாதிரிமார் இலங்கைக்கு வருதலைத் தடைசெய்தார். அத்தடை 1833 வரை நீங்கவில்லை. ஆகவே முன்னரே வந்திருந்த சிலரே அனைத்துப் பணிகளையும் சுமக்க நேர்ந்தது. கல்லூரி என்னும் தகுதியும் கிடைக்கவில்லை. எனினும், தெல்லிப்பழையில் விடுதிப் பள்ளி நடத்திப் பழகிய டானியேல் பூர் பாதிரியார் அதிபராகி, வேலையைத் தொடங்கினார். நீதியரசராயிருந்த சேர் றிச்சட் ஒற்லி அவர்கள் நல்கிய ஆதரவின் நினைவாக, அங்கு எழுந்த மண்டபம் ஒற்லி மண்டபம் எனப் பெயர் பெற்றது.

மாணாக்கர் விடுதியிலேயே தங்கிக் கற்றனர். தொடக்கத்தில் அவர்களுக்கு உணவும் உடையும் கல்வியும் இலவசம். அதற்கு வேண்டிய பொருளை அமெரிக்காவிலுள்ள கொடையாளர் அனுப்பினர். ஒரு சிறுவனைத் தாங்கும் கொடையாளர் தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடுதலும் வழக்கமாயிருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்று பிற்காலத்தில் தமிழ் உலகம் அறிந்த பெயர்களின் முற்பகுதி இவ்வாறு வந்ததே. கடல் கடந்த நாட்டிலே, முகமறியாத ஒருவர் கொடுத்த பெயரைத் தாங்கி, வீட்டையும் வழிபாட்டையும் விட்டு விடுதியில் வாழ்ந்த சிறுவரின் மனநிலை எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பெற்றோர் நிலையும் எளிதன்று. யார் சமைப்பது, யாருடன் இருந்து உண்பது என்பனவெல்லாம் சாதி ஆசாரம் மிகுந்த அக்காலத்திற் பெருஞ் சிக்கல்கள். கல்வியின்மேல் இருந்த வேட்கையே அத்தடைகளை மீறி மைந்தரை அனுப்பச் செய்தது.

பாடத்திட்டத்தின் பரப்பு வியப்புக்குரியது. எண்கணிதத்திலே தொடங்கி, அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம் என மாணாக்கர் படிப்படியாக ஏறினர். பௌதிகம், இரசாயனம், வானசாத்திரம் ஆகிய விஞ்ஞானங்களும், பூமிசாத்திரமும் வரலாறும், தருக்கமும் ஒழுக்க நூலும் அதில் இடம்பெற்றன. வேதாகமப் படிப்பு எல்லா வகுப்புகளுக்கும் உரியது. இவற்றோடு ஆங்கில இலக்கணமும் தமிழ் இலக்கண இலக்கியமும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாயிருந்த சேர் எமர்சன் டெனன்ற், இக்கூடத்தை நேரிற் பார்வையிட்டு, 1850இல் வெளிவந்த தமது நூலிலே இதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்துப் புகழ்ந்தார்.

பாடங்களின் பட்டியலைக் காட்டிலும், அவை கற்பிக்கப்பட்ட முறையே கருதத்தக்கது. பழைய திண்ணைப் பள்ளியில், மாணாக்கன் ஆசிரியர் வாய்ச்சொல்லைக் கேட்டு மனனஞ் செய்தான். நினைவாற்றலை வளர்ப்பதில் அம்முறைக்கு நிகரில்லை. சாத்திரசாலையோ, கணக்கிட்டுப் பார், கருவி கொண்டு அளந்து பார், கண்ணாற் கண்டு தெளி என்று மாணாக்கனை ஏவியது. இதற்குச் சிறந்த சான்று 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நிகழ்ந்த சந்திரகிரகணம்.

அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அக்காலத்தில் யாழ்ப்பாணமெங்கும் மதிக்கப்பட்டது. அவ்வாண்டுப் பஞ்சாங்கத்திற் கூறப்பட்ட கிரகணக் கணக்கைப் பூர் பாதிரியார் தாமும் கணித்துப் பார்த்தார். கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் அளவு, மறைபடும் பங்கு ஆகியவற்றிலே வேறுபாடு தோன்றியது. அவ்வேறுபாட்டை அவர் முன்னரே ஊரறியச் செய்தார். எது சரி என்பதை வானமே தீர்க்கட்டும் என்று அனைவரும் காத்திருந்தனர். குறித்த இரவு வந்தது. பூர் பாதிரியாரின் கணக்கே மெய்யாயிற்று.

இதனை மதத்தின் வெற்றியாகவே பாதிரிமார் கொண்டனர். பஞ்சாங்கத்திற் பிழை கண்டவர் புராணத்திலும் பிழை காண்பர், பின்னர்த் தம் மதத்தைத் தழுவுவர் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். மாணாக்கர் கற்றுக்கொண்ட பாடமோ அதனினும் விரிந்தது. சொல்பவர் யாராயினும், அவர் கூற்றைக் கணக்கிட்டுச் சோதிக்கலாம் என்பதே அப்பாடம். அதனைக் கற்ற ஒருவன், காலப்போக்கிலே தன் ஆசிரியரின் கூற்றையும் சோதிக்கத் தவறான்.

போதகரும் மாணாக்கராய் இருந்தமை இக்கூடத்தின் மற்றொரு சிறப்பு. பூர் பாதிரியார் மதுரைக்குச் சென்ற பின்னர், 1836இல் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் பாதிரியார், இந்நாட்டு வானசாத்திர முறையை முறையாகப் பயின்றார். அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகிய சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் ஆக்கினார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வாயிலாக வெளிவந்தன. மறுப்பதற்காகக் கற்கத் தொடங்கிய ஒன்றை உலகறியச் செய்யும் தொண்டாக அது முடிந்தது.

இனி, மொழியைப் பற்றிய வினாவுக்கு வரலாம். உயர்ந்த விஞ்ஞானங்களைக் கற்பிக்க அன்று தமிழில் நூல்கள் இல்லை. ஆகவே ஆங்கிலமே வாயிலாயிற்று. ஆயினும் வாயில் வேறு, வீடு வேறு என்பதை மாணாக்கர் விரைவில் உணர்ந்தனர். சாத்திரசாலையிற் பயின்ற ஹென்றி மாட்டினும் செத் பேசனும் 1841இல் உதயதாரகை என்னும் பத்திரிகையின் ஆசிரியராயினர். தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்த அப்பத்திரிகை, புதிய அறிவை எளிய உரைநடையில் இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. கணிதம் கற்பித்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலைத் தமிழில் வெளியிட்டார். கறோல் விசுவநாதபிள்ளை இயற்றிய வீசகணிதம் 1855இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் உண்டதைத் தமிழிற் செரித்துக் கொடுத்த முயற்சிகள் இவை.

ஆனால், அந்த 1855ஆம் ஆண்டே சாத்திரசாலைக்கு இறுதியாண்டாயிற்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்த தலைமைச் சபை, றூபஸ் அண்டர்சன் அவர்களை நிலைமையை ஆராய்ந்துவர அனுப்பியது. அவர் முன்வைத்த குறைகள் அற்பமானவையல்ல. ஆங்கிலங் கற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். ஊழியத்துக்கு முன்வந்தோர் சிலரே. செலவோ மிகுதி. தம் மக்களினின்றும் பழக்கத்தாலும் விருப்பத்தாலும் வேறுபட்ட ஒரு கூட்டம் உருவாகின்றது என அவர் கருதினார். மக்களின் மொழியிலேயே கிராமத்து மக்களுக்குக் கல்வி அளித்தலே மிஷனின் கடமை என்பது அவர் முடிபு. சாத்திரசாலை மூடப்பட்டது. அதனைத் தொடக்கி வளர்த்த பூர் பாதிரியார், அதே ஆண்டின் முற்பகுதியில், மானிப்பாயில் வாந்திபேதி நோயால் இறந்தார்.

அண்டர்சன் கூறியதில் உண்மை இருந்தது. உத்தியோகத்தின்பொருட்டே கல்வி என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியதற்கு அக்காலத்து ஆங்கிலக் கல்வியும் ஒரு காரணம். ஆனால் ஒரு முரண்பாட்டை அவர் கணக்கிற்கொள்ளவில்லை. தமிழே வேண்டும் என்று சொல்லி மூடப்பட்ட அக்கூடத்தின் மாணாக்கரே, தமிழில் தருக்கமும் கணிதமும் எழுதத் தொடங்கியிருந்தனர். ஆங்கிலத்தை ஆழக் கல்லாதிருந்தால் அந்நூல்கள் தோன்றியிரா. தமிழை விடாது கல்லாதிருந்தாலும் தோன்றியிரா. இருமொழியும் ஒரே கூரையின்கீழ் ஒருவனுள்ளே சந்தித்தமையே அவற்றின் பிறப்புக்குக் காரணம்.

தாய்மொழியில் உயர்கல்வி இயலும் என்பதற்குரிய சான்று, அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களிடமிருந்து கிடைத்தது. மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்த அவர், 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம் 1867இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றினார். கலைச்சொல் வேண்டியபோது முதலில் தமிழிலும், கிடையாவிடிற் சமஸ்கிருதத்திலும், அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்திற் பெயர்த்தும் அமைத்தல் அவர் முறை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இன்றும் எண்ணிப்பார்க்க வேண்டிய முறை அது.

சாத்திரசாலை மூடப்பட்டபின் அதன் மாணாக்கர் என்னவாயினர் என்பதைக் காணும்போதே, அதன் கல்வியின் பயன் முழுமையாக விளங்கும். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இவர்களுள் தாமோதரம்பிள்ளை, அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, பாடங்களை ஒப்புநோக்கி, வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்தார். ஏடு கூறுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளாது, பல ஏடுகளை ஒப்பிட்டு உண்மைப் பாடத்தைத் தேடும் அப்பணியிலே, கணக்கிட்டுச் சோதித்துப் பார்க்கும் பயிற்சியின் சாயல் தெரிகின்றது. ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலிலே தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடக்கிய பள்ளியோ, 1890 முதல் சைவ மக்களின் கையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. தாமோதரம்பிள்ளையும் பின்னர்ச் சைவத்துக்கே திரும்பினார்.

மிஷனின் கணக்கில் இவற்றுட் சில தோல்விகள். தமிழின் கணக்கில் இவை யாவும் வரவுகள். கற்பித்தவர் குறித்த திசையிலேயே கற்றவர் செல்வர் என்பதற்கு உறுதியில்லை. உண்மையாகச் சிந்திக்கக் கற்பித்த எந்த ஆசிரியருக்கும் இது நேரும். அதனைத் தம் தோல்வியென அவர் கொள்ள வேண்டுவதில்லை.

பழைய மாணாக்கரின் விடாமுயற்சியால், 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. முன்னைய கூடம் மேலிருந்து ஒரு சபையால் வழங்கப்பட்டு, அச்சபையாலேயே எடுக்கப்பட்டது. பின்னையதை ஊரவர் தாமே வேண்டிப் பெற்றனர். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. பிறர் கொடுத்த கல்வி, தமது உரிமையாக மாறுவதற்கு, அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் அவற்றின் பின்வந்த பதினேழு ஆண்டு இழப்பும் வேண்டியிருந்தன.