ஆறு பேரும் ஒரு வாசலும்

கணிப்பொறி விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்குத் துப்பாக்கிச் சத்தமும் கார்ப் பந்தயமுமே நினைவுக்கு வரும். ஆனால் நாமே கதைமாந்தராகி, நாலைந்து தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, காடு, மலை, குகையெல்லாம் சுற்றிவரும் ஆட்டங்களும் உண்டு. இவற்றை ‘ரோல் பிளேயிங்’ ஆட்டங்கள் என்பர். வாள்வீரன் ஒருவன், மந்திரவாதி ஒருவன், காயம் ஆற்றுபவள் ஒருத்தி, பூட்டுத் திறக்கும் கள்வன் ஒருவன் எனக் குழு அமையும். யாரை எங்கே நிறுத்துவது, யாரை முன்னே அனுப்புவது என்று முடிவு செய்வதில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது. அந்தச் சுவையைப் பல வேளைகளில் கெடுப்பது பூதமும் அன்று, அரக்கனும் அன்று. நம் தோழர்களின் நடையே! இக்குறை ஏன் தோன்றிற்று என்பதை இங்கு விளக்க விரும்புகிறேன்.

அன்று குழு ஒரு புள்ளி

1981-இல் வெளிவந்த ‘விசர்ட்ரி’ என்னும் ஆட்டத்தில் ஆறு பேர் கொண்ட குழு உண்டு. ஆயினும் சுரங்கத்தில் அவர்கள் நடப்பது ஒரே ஆளாகத்தான். ஒரு பட்டனைத் தட்டினால் ஆறு பேரும் ஒரு கட்டம் முன்னே செல்வர். முன்வரிசை, பின்வரிசை என்பதெல்லாம் பெயர்ப் பட்டியலில் மட்டுமே. 1985-இல் வந்த ‘அல்டிமா 4’ ஆட்டத்தில் எட்டுப் பேர் வரை சேரலாம். பயணத்தின்போது அந்த எட்டுப் பேரும் திரையில் ஒரே சிறு உருவம்; சண்டை மூண்டால்தான் தனித்தனியே பிரிந்து, முறை வைத்து நகர்வர். இம்முறையில் ஒருவரை ஒருவர் இடிக்க வழியே இல்லை. புள்ளிக்கு ஏது தோள்?

உடல் வந்தது, இடைஞ்சலும் வந்தது

1998-இல் ‘பால்டர்ஸ் கேட்’ வெளிவந்தது. அதில் ஆறு பேரும் தனித்தனி உருவமாக ஒரே நேரத்தில் நடந்தனர். வேண்டும்போது ஆட்டத்தை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் கட்டளை இட்டு, மீண்டும் ஓடவிடலாம். அணிவகுப்பைத் தேர்ந்தெடுக்கவும் பட்டன்கள் இருந்தன. ஒரு சிறு படையையே நடத்தும் மகிழ்ச்சி ஆடுவோருக்குக் கிட்டியது. ஆனால் குறுகிய வழி வந்தால் போதும், படை குலைந்துவிடும்!

காரணம் யாது? திரையில் ஓரிடத்தை மவுஸால் தட்டினால், அங்கே செல்லும் வழியைக் கணிப்பொறி கண்டாக வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்படும் முறை ‘ஏ-ஸ்டார்’ எனப்படுவது. ஹார்ட், நில்சன், ரஃபேல் என்னும் மூவர் 1968-இல் வெளியிட்ட முறை இது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தொகைகளை இது கூட்டிப் பார்க்கும். ஒன்று, இதுவரை நடந்த தொலைவு. மற்றொன்று, இன்னும் நடக்க வேண்டிய தொலைவின் மதிப்பீடு. கூட்டுத்தொகை எங்கே குறைவோ அந்தப் பக்கமே முதலில் தேடும். அசையாத நிலத்தில் ஒருவர் நடப்பதற்கு இது மிகச் சிறந்த முறை.

ஆனால் ஆறு பேர் நடந்தால்? ஒவ்வொருவருக்கும் வழி தனித்தனியே கணிக்கப்படுகிறது. அப்போது ஒருவர் கணக்கில் மற்ற ஐவரும் சுவர்களாகிவிடலாம். முதலாமவன் வாசலில் நின்றுவிட்டான் எனக் கொள்வோம். இரண்டாமவனுக்கு வாசலே இல்லை! அவன் கணக்கு வேறு வழி தேடும். ஊரையே சுற்றிப் பின்புறமாக வர ஒரு பாதை இருந்தால், பகைவர் நடுவே தனியாக நடக்கத் தொடங்கிவிடுவான். ‘எல்லோரும் சேர்ந்து வாருங்கள்’ என்று நாம் குழுவுக்குச் சொன்னோம். ‘நீ அந்தக் கட்டத்தை அடைவது எப்படி?’ என்று பொறி ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டது. கணக்கு சரி, கேள்விதான் தவறு.

கட்டளை தொலைந்த கதை

நான் ஆடிய ஓர் ஆட்டத்தில், கள்வன் தரையில் ஒரு கண்ணியைக் கண்டுபிடித்தான். மற்ற மூவரையும் நிற்கச் சொல்லிவிட்டு, அதைக் கழற்ற அவனை மட்டும் அனுப்பினேன். இடையில் வேறொரு பாத்திரம் வந்து பேசியது. பேச்சு முடிந்ததும் ‘நில்’ என்ற என் கட்டளை தானாகவே நீங்கிவிட்டது. காயம் ஆற்றுபவள் நேரே கண்ணியின்மேல் நடந்து சென்று மாண்டாள். நாற்பது நிமிட ஆட்டம் வீணாயிற்று. எனக்கு வருத்தம் தந்தது அந்த இழப்பன்று. என் முடிவால் தோற்றிருந்தால் அதிலிருந்து ஒரு பாடம் கிடைத்திருக்கும். இந்தத் தோல்வியில் கற்பதற்கு என்ன இருக்கிறது? முடிவெடுக்கும் உரிமையைத் தருவதாகச் சொல்லும் ஆட்டம், எடுத்த முடிவைக் காக்கவும் வேண்டுமன்றோ?

தீர்வு எங்கே?

2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆட்டத்தில் குழு நால்வராகக் குறைந்தது. சண்டையில் முறை வைத்தே நகர்வதால் அங்கே நெரிசல் இல்லை. மற்ற நேரத்தில் ஒருவர் முன்னே செல்ல மூவர் பின்தொடர்வர். திரை ஓரத்தில் உள்ள அவர்களின் படங்களை இழுத்துப் பிரித்தால் தனித்தனியே நடப்பர். இது நல்ல முன்னேற்றமே. எனினும் சண்டைக்கு முன் நால்வரையும் ஒவ்வொருவராக நடத்திச் சென்று இடம் பார்த்து நிறுத்துவது இன்னும் சலிப்பூட்டும் வேலைதான்.

என் எண்ணத்தில் மூன்று தேவை. முதலாவது, வாசலில் நிற்பவன் தோழன் வந்தால் விலகி வழிவிட வேண்டும். வழி உடனே கிடைக்காவிட்டால் பின்னால் வருபவன் சற்றுப் பொறுக்க வேண்டும். பேருந்துப் படியில் நாம் செய்வதும் இதுதானே! இரண்டாவது, நான் நீக்கும் வரை ‘நில்’ என்ற கட்டளை நீங்கக் கூடாது. மூன்றாவது, வழி மிகவும் சுற்று எனில், நடக்கத் தொடங்கும் முன் என்னைக் கேட்க வேண்டும்.

இது வெறும் விளையாட்டுச் சிக்கல் அன்று. பெரிய கிடங்குகளில் சரக்குத் தூக்கிச் செல்லும் ரோபோக்களும் இதே நெருக்கடியைச் சந்திக்கின்றன. பலருக்கு ஒருசேர வழி காண்பது எப்படி என்பது இன்று தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்துள்ளது. நம் கல்லூரியில் கணிதமும் கணிப்பொறியும் பயிலும் நண்பர்கள் இக்கணக்கை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம். தொடங்க அதிகம் வேண்டாம். கட்டம் போட்ட ஒரு தாள், ஆறு புளியங்கொட்டை, ஒரே ஒரு வாசல் போதும்.